ஆறாவது மாதத்து மாத்திரை



எங்கள் ஆஸ்பத்திரி ஊழியத்தைப் பல வருடங்களாய்த் தாங்கிவரும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி எழுதியிருந்தார். "காசநோய்க்கு அரசாங்கமே மாத்திரைகளை இலவசமாய்க் கொடுக்கிறதே, பின் காசநோயாளிகளுக்கென்று நீங்கள் தனியாய் நிதி கேட்பது எதற்கு?" என்று கேட்டிருந்தார். நேர்மையான கேள்வி. கொடுக்கிறவர்கள் எல்லாரும் கேட்கவேண்டிய கேள்வியும்கூட.

மாத்திரை இலவசம்தான். அதை ஆறு மாதம் ஒருநாள் விடாமல் சாப்பிடுவதற்குத்தான் செலவு இருக்கிறது. எங்கள் பதில் இவ்வளவே. ஆனாலும் இதைச் சற்று விளக்கமாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் மருந்து எழுதிக்கொடுக்கிறவர்கள் அல்ல. மருந்துச் சீட்டோடு வெளியே வந்து மரத்தடிப் பெஞ்சில் உட்காருகிறவர்களோடு பேசுகிறவர்கள். வைத்தியர்களிடம் கேட்டறிந்ததையும் அந்தப் பெஞ்சில் கண்டறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

ஏன் இத்தனை மாதம்?

சாதாரணக் காய்ச்சலுக்கு ஐந்து நாள் மாத்திரை போதும் என்று நமக்குப் பழக்கம். காசநோய்க் கிருமி வேறு மாதிரியானது. மற்றக் கிருமிகள் பல அரைமணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமி இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. அதிலும் ஒரு பகுதி வளராமலே உறங்குவதுபோல் கிடக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் கிருமியை மருந்து சீக்கிரம் கொல்லும். உறங்கும் கிருமியிடம் அது மெதுவாகத்தான் வேலை செய்யும்.

சேலம், நாமக்கல் பக்கத்து விவசாயிகளுக்கு இதைக் கோரைப்புல்லை வைத்துச் சொன்னால் உடனே புரிந்துவிடுகிறது. களை வெட்டி முடித்த அன்றைக்கு வயல் சுத்தமாய்த்தான் தெரியும். ஆனால் மண்ணுக்குள் கோரைக்கிழங்கு இருக்கிறது. அடுத்த தண்ணீர் பாய்ந்ததும் அது மறுபடியும் முளைத்துவிடும். காசநோயிலும் முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலான கிருமிகள் செத்துப்போகின்றன. காய்ச்சல் விடுகிறது, பசி எடுக்கிறது, இருமல் குறைகிறது, உடம்பு தேறுகிறது. நோயாளி மேலே பார்க்கும்போது வயல் சுத்தம். கிழங்கு இன்னும் உள்ளே இருக்கிறது.

ஆகவேதான் முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்ற நான்கு மருந்துகளையும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றையும் கொடுக்கிறார்கள். நோயாளியின் எடையைப் பார்த்து, இவையெல்லாம் சேர்ந்த கூட்டு மாத்திரையாய்த் தினமும் கொடுக்கும் முறை நம் நாட்டில் 2017 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாரத்துக்கு மூன்று நாள் கொடுத்துவந்தார்கள்.

ஏன் ஒரே மருந்து போதாது என்ற பாடமும் அனுபவத்தில் வந்ததுதான். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைப் பற்றிய பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 1948-இல் வெளிவந்தது. அந்த ஒரே மருந்தைப் பெற்றவர்கள் முதலில் நன்றாய்த் தேறினார்கள். ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல, அவர்களில் பலருடைய கிருமிகள் அந்த மருந்துக்குப் பணியாமல் போயின. பல மருந்துகளை ஒன்றாய்க் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பும் கிருமியை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். நோயாளி விட்டுவிட்டுச் சாப்பிட்டால் இந்தக் காவல் உடைந்துபோகிறது. மீந்த கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்கிறது. பிறகு அவரிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றினால், பிள்ளைக்கும் அந்த எதிர்ப்போடுதான் நோய் வருகிறது.

அப்படி மருந்துக்குப் பணியாத காசநோய்க்கு முன்பெல்லாம் பதினெட்டு மாதம் முதல் இரண்டு வருடம் வரை வைத்தியம் செய்ய வேண்டியிருந்தது. பல மாதம் தினந்தோறும் ஊசி போட்டார்கள். அதனால் காது கேளாமல் போனவர்களும் உண்டு. இப்பொழுது பெடாகுயிலின் முதலான மருந்துகள் சேர்ந்த, ஊசியில்லாத ஆறு மாத வைத்தியமுறை வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதை 2022-இல் பரிந்துரைத்தது. 2024-இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்டது. பெரிய ஆறுதல்தான். ஆனாலும் அது எல்லாருக்கும் பொருந்தாது. அந்த ஆறு மாதத்தையும் விடாமல் முடித்தால்தான் பலன்.

சென்னை கற்றுக்கொடுத்த பாடம்

நம் தாத்தா காலத்தில் காசநோய் என்றாலே சானடோரியம்தான். பல மிஷன் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-இல் ஒரு சானடோரியத்தைத் திறந்தன. 1928-இல் தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து ஒன்றைத் தொடங்கினார். நம் பக்கத்திலே பெருந்துறை சானடோரியத்தை அறியாத பெரியவர்கள் இல்லை. ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை இவையே வைத்தியம். ஆனால் நோயாளிகளோ ஏராளம், கட்டில்களோ கொஞ்சம். இடம் கிடைக்கக் காத்திருந்தே பலர் இறந்தார்கள்.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றை அமைத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் அதை நடத்தினார். சென்னையின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்துகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான குடியிருப்பு, குறைந்த சாப்பாடு, போதாத ஓய்வு. ஆயினும் 1959-இல் முடிவு வெளியானபோது, வருடக் கடைசியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர், வீட்டில் 86 பேர். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டிலே வைத்திருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாய்த் தொற்றவும் இல்லை. ஏனென்றால், முறையான மருந்து தொடங்கிய சில வாரங்களில் நோய் பரவுவது வெகுவாய்க் குறைந்துவிடுகிறது.

இந்த ஆய்வு உலகத்தின் வைத்தியமுறையையே மாற்றிற்று. பல நாடுகளில் சானடோரியங்களை மூடினார்கள். அந்தச் சென்னை மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாய் இருக்கிறது.

இதிலே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். "வீட்டுக்கு அனுப்பினாலும் குணமாகும்" என்பதை மட்டும் பலர் எடுத்துக்கொண்டார்கள். அந்த மையம் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடவில்லை. வாராவாரம் வந்து மருந்து வாங்கச் செய்தது. முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு ஆளனுப்பி மீதி மருந்தை எண்ணிப் பார்த்தது. சாப்பிட்டார்களா என்று அறியச் சிறுநீரைச் சோதித்தது. வராதவர்களைத் தேடிப்போனது. இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த 86. அப்படியும் மருந்தைச் சரியாய்ச் சாப்பிடாதவர்கள் இருந்தார்கள் என்று கண்டு, வாரத்துக்கு இருமுறை ஊழியரின் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையையும் அதே மையம் ஆராய்ந்து 1960-களில் வெளியிட்டது. பிற்காலத்தில் 'டாட்ஸ்' என்று உலகம் முழுவதும் பரவிய முறைக்கு இதுவும் ஒரு வேர். நம் நாட்டில் அது 1997-இல் தொடங்கி, 2006-இல் எல்லா மாவட்டங்களையும் எட்டியது.

நம் பக்கத்தில் ஏன் நிறுத்துகிறார்கள்?

"படிப்பில்லாத ஜனங்கள், சொன்னால் கேட்பதில்லை" என்று சிலர் சொல்வதுண்டு. அதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, பணக்கார நாடுகளிலேயே நீண்டகால வைத்தியத்தை ஒழுங்காய்த் தொடருகிறவர்கள் சராசரியாய்ப் பாதிப் பேர்தான் என்கிறது. படித்தவர்களும் நிறுத்துகிறார்கள். இந்த இதழை வாசிக்கிற நம்மில் எத்தனை பேர் பிரஷர் மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை என்று சொல்ல முடியும்?

எங்கள் பெஞ்சில் நாங்கள் கேட்கும் முதல் காரணம், உடம்பு தேறிவிட்டது என்பது. "இப்பத்தான் நல்லா இருக்கேனுங்களே, இன்னும் எதுக்குங்கய்யா மாத்திரை?" என்பார்கள். நோயாளி மோசமாய் இருக்கும்போது குடும்பமே சுற்றி நிற்கும். ஆபத்து வருவது அவர் நன்றாய் இருக்கிற மூன்றாம் மாதத்திலோ நான்காம் மாதத்திலோதான். அப்பொழுது அவரை யாரும் கவனிப்பதில்லை.

இரண்டாவது, கூலி. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கங்களில் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு ஓட்டின தறிக்குத்தான் கூலி. முன்பணம் வாங்கியிருப்பார்கள். மாத்திரை வாங்க அரைநாள் போனால், அரைநாள் கூலி போயிற்று. சேகோ பேக்டரியிலும் கோழிப்பண்ணையிலும் வேலை செய்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

மூன்றாவது, பயணம். நாமக்கல், சங்ககிரி லாரிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர்வெல் போட வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்காகும். அந்த வண்டியில் போகிறவர் ஒரு மாத மாத்திரையைக் கையில் வைத்திருப்பார். இரண்டாம் மாதத்துக்கு, பாஷை தெரியாத ஊரில் யாரிடம் போய்க் கேட்பார்?

நான்காவது, வெட்கமும் பயமும். புதிதாய்க் கலியாணமான பெண்கள் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறார்கள். "மாமியாருக்குத் தெரிஞ்சா எங்கம்மா வீட்டுக்கே அனுப்பிருவாங்கய்யா" என்று அவர்கள் சொல்லும்போது, அதற்கு மருந்துச் சீட்டில் பதில் இல்லை. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாய்ப் போகும். அது கெடுதல் இல்லை என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், இரத்தம் போகிறது என்று பயந்து அன்றைக்கே நிறுத்திவிடுகிறார்கள்.

ஐந்தாவது, வயிறு. வெறும் வயிற்றில் அந்த மாத்திரைகளைப் போட்டால் குமட்டும். வீட்டில் சாப்பாடு போதாதபோது மாத்திரைமேல்தான் வெறுப்பு வருகிறது. குடிப்பழக்கம் இருந்தால் ஈரலுக்கும் கேடு, ஒழுங்குக்கும் கேடு.

இந்த ஐந்தில் எதையும் கண்டித்துப் பேசித் தீர்க்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஓர் ஏற்பாடு செய்தால்தான் தீரும்.

உங்கள் காணிக்கை போகிற இடம்

நண்பர் கேட்ட கேள்விக்கு இப்பொழுது நேராய் வருகிறோம். மாத்திரை அரசாங்கத்தினுடையது. அதை மறுபடியும் நாம் வாங்க வேண்டியதில்லை. மாத்திரைக்கும் நோயாளிக்கும் நடுவே இருக்கிற தூரத்துக்குத்தான் உங்கள் பணம் செலவாகிறது.

முதலாவது, பஸ் கட்டணம், விட்டுப்போன கூலியில் ஒரு பகுதி. வர முடியாதவர்களுக்கு ஊழியர் சைக்கிளிலோ மொபெட்டிலோ போய்ப் பார்த்துவருவது. ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனது தெரிந்தால், திட்டாமல் காரணம் கேட்பது. கண் மஞ்சளானாலும், பார்வை மங்கினாலும், வாந்தி நிற்காவிட்டாலும் தானாய் நிறுத்திவிடாமல் உடனே வைத்தியரிடம் வரச்சொல்வது. இது மிகவும் அவசியம். அந்த அறிகுறிகளை வைத்தியர் பார்த்து மருந்தை மாற்றிக்கொடுக்க முடியும்.

இரண்டாவது, சாப்பாடு. ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. சென்னைக் காசநோய் நிறுவனமும் அதில் பங்குபெற்றது. 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பாதிப் பேருடைய குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள். அப்படிப் பெற்ற குடும்பங்களில் புதிதாய்க் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் மிகக் குறைவாய் இருந்தது. அந்தக் காலத்துச் சானடோரியத்தின் பாலையும் முட்டையையும் நாம் முழுவதும் கைவிட்டிருக்கக் கூடாது என்று இதை வாசித்தபோது எங்களுக்குத் தோன்றிற்று. அரசாங்கமும் 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துக்கென்று கொடுத்து, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. அது வங்கிக் கணக்கு வழியாய் வருகிறது. கணக்கே இல்லாத பெண்ணுக்குக் கணக்குத் தொடங்க உடன்போகிற ஆள் வேண்டும்.

மூன்றாவது, ஊர்விட்டுப் போகிறவர்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் அரசின் 'நிக்ஷய்' பதிவில் ஓர் எண் உண்டு. அதை வைத்து வேறு மாநிலத்து அரசு மையத்துக்கும் வைத்தியத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ரிக் வண்டி புறப்படுவதற்கு முன்னே அவர் நம்மிடம் சொல்ல வேண்டும். சொன்னால் கோபிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்க வேண்டும். போன பின்பு போனில் விசாரிக்கவும் ஒருவர் வேண்டும்.

நான்காவது, வீட்டார். நோயாளியோடு குடியிருக்கிற பிள்ளைகளையும் பெரியவர்களையும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லாதவரை மாதக்கணக்காய் மாத்திரை சாப்பிடவைப்பது இன்னும் கஷ்டமான வேலை.

மிகவும் பலவீனமாய் வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசநோயில் இறக்கிறவர்களில் பலர் வைத்தியம் தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்'படி, நோய் கண்ட உடனே எடை, மூச்சு, இரத்தத்தில் ஆக்ஸிஜன், கால் வீக்கம், தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, மோசமானவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். வீட்டு வைத்தியம் எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தாது என்பதை இது காட்டுகிறது.

காசநோய்க்கு மட்டுமா?

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆறு மாதம் என்ற எல்லைகூடக் கிடையாது. ஆயுள் முழுவதும் மருந்து. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அப்படியே. 2004 ஏப்ரலில் அவர்களுக்கு இலவசக் கூட்டுமருந்து நம் நாட்டில் தொடங்கிற்று. அதை விடாமல் சாப்பிடுகிறவர்கள் இன்று வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து, மற்றவர்களைப் போல் வாழ்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 1956-இல் சென்னை மையம் செய்ததும் அடிப்படையில் இதுதான்: வைத்தியம் நோயாளியைத் தேடிப்போனது.

நல்ல சமாரியன் கதையை நாம் எல்லாரும் அறிவோம். காயங்களைக் கட்டினதோடு நாம் அநேகமாய் நிறுத்திவிடுகிறோம். அந்த மனுஷன் அதற்குப் பின்பும் காரியங்கள் செய்தான். காயம்பட்டவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான். இராத்திரி கூட இருந்து பராமரித்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் ஒப்புக்கொண்டான். எண்ணெயும் திராட்சரசமும் ஒருநாள் வேலை. அந்த இரண்டு பணமும் திரும்பி வருவேன் என்ற வாக்குமே தொடர் வைத்தியம்.

இதற்கு நிதி சேர்ப்பது எளிதல்ல என்பதை நாங்கள் அறிவோம். புதிய கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் பொறிக்கலாம். ஆபரேஷனுக்குக் கொடுத்தால், எழுந்து நடக்கிறவரின் படத்தை இந்த இதழில் போடலாம். ஐந்தாம் மாதத்தில் ஒரு தறித் தொழிலாளி தன் மாத்திரையை விடாமல் சாப்பிட்டார் என்பதற்கு என்ன படம் போடுவது? அன்றைக்கு அவர் வீட்டில் விசேஷமாய் ஒன்றும் நடக்கவில்லை. தறி ஓடிற்று, பிள்ளை பள்ளிக்கூடம் போயிற்று. உங்கள் காணிக்கையின் பலன் அந்தச் சாதாரண நாள்தான்.

ஆகவே இந்த வருடமும் உங்கள் உதவியைக் கேட்கத் துணிகிறோம். முடிந்தவர்கள் ஒரே தடவையாய்க் கொடுப்பதைவிட, சிறு தொகையானாலும் மாதாமாதம் ஆறு மாதத்துக்கு அனுப்பினால் எங்களுக்கு அதிக உபயோகமாயிருக்கும். பணம் அனுப்ப இயலாதவர்களும் ஒன்று செய்யலாம். உங்கள் தெருவிலோ, உங்கள் வேலைத்தலத்திலோ காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிற ஒருவரைத் தெரிந்திருந்தால், அவரை ஒதுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அவர் உடம்பு தேறின பிறகும் விடாமல், "இன்றைக்கு மாத்திரை போட்டாயிற்றா?" என்று மற்றவர் காதில் விழாதபடி அன்பாய்க் கேளுங்கள்.



அன்புடன்,
ஆஸ்பத்திரிக் குருப்பணியிலிருந்து